ஒரே காயம், வேறு வேறு இழப்பீடு: விபத்து வழக்கில் தொகை எப்படி முடிவாகிறது?

ஒரு விபத்தில் இரண்டு பேருக்கு இடது கை போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தச்சர், இன்னொருவர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். மருத்துவர் இருவருக்கும் ஏறக்குறைய 60 சதவீத ஊனம் என்றே சான்று எழுதுவார். இழப்பீடு மட்டும் ஒன்றாக இருக்காது. தச்சரால் இனி இழைப்புளி பிடிக்க முடியாது. அவருடைய சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட முழுவதுமாகப் போய்விட்டது. எழுத்தர் அதே நாற்காலியில் அதே சம்பளத்தில் தொடர வாய்ப்பிருக்கிறது. 2010-ல் வந்த ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டிய உதாரணம் இது. சட்டம் ஈடுசெய்யப் பார்ப்பது கையை அல்ல, அந்தக் கை நடத்திக்கொண்டிருந்த வாழ்க்கையை.

வாகன விபத்தில் காயம்பட்டவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 168-வது பிரிவு தரும் அளவுகோல் 'நியாயமான இழப்பீடு' என்பதுதான். அந்த இரண்டு சொற்களை ரூபாயாக மாற்றும் வழியை நீதிமன்றங்கள் தீர்ப்பு தீர்ப்பாக உருவாக்கின. இன்று சூத்திரம் ஓரளவு நிலைத்துவிட்டது. ஆனால் அந்தச் சூத்திரத்துக்குள் போய் விழும் எண்கள் மருத்துவமனைப் பதிவிலும், காவல் நிலையத்திலும், மருத்துவரின் சாட்சியத்திலும்தான் பிறக்கின்றன. சட்டம் தெரியாததால் குடும்பங்கள் இழப்பதைவிட, இந்த எண்கள் தவறிப்போவதால் இழப்பது அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

யார் பொறுப்பு, யார் பணம் கட்டுவது?

கவனக்குறைவு வழக்கு எதுவாக இருந்தாலும் மூன்று கேள்விகள் உண்டு. எதிராளிக்கு எச்சரிக்கையாக நடந்துகொள்ளும் கடமை இருந்ததா? அதை மீறினாரா? அந்த மீறலால்தான் இந்தப் பாதிப்பு வந்ததா? சாலையில் முதல் கேள்விக்குப் பதில் தேட வேண்டியதில்லை, வண்டியை எடுத்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கடமை உண்டு. சண்டை எல்லாம் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் மீதான குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு மனு வேறு. குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில், இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆகவே ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையாகிவிட்டார் என்பதற்காக இழப்பீட்டு மனு தானாகச் செத்துவிடாது. 'அவன் ரிலீஸ் ஆயிட்டான், இனிமே நமக்கு என்ன கிடைக்கும்' என்று மனுவைப் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

தவறு செய்தவர் ஓட்டுநர் என்றாலும், வேலையின்போது நடந்த தவறு என்பதால் வாகன உரிமையாளரும் பொறுப்பாளி. உரிமையாளருக்குப் பதிலாகப் பணம் கட்ட வேண்டியது காப்பீட்டு நிறுவனம். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்று 146-வது பிரிவு கட்டாயப்படுத்துவதே இதற்காகத்தான். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இதில் விலக்கு பெற வழி இருக்கிறது. அப்படி விலக்கு பெற்றவை தங்கள் சொந்த நிதியிலிருந்து தர வேண்டும். தராமல் இழுத்தடிக்கும்போதுதான் நீதிமன்ற ஊழியர்கள் பேருந்து நிலையத்துக்கே போய்ப் பேருந்தை ஜப்தி செய்யும் செய்திகள் வருகின்றன. அந்தச் செய்தியைப் படிக்கும்போது ஜப்தியான பேருந்தைவிட, தீர்ப்பு வாங்கிய பிறகும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பம்தான் என் கண்ணில் நிற்கிறது.

ஓட்டுநரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லை என்பது காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். 2004-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவுபடுத்தியது. உரிமம் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது, உரிமையாளர் உரிய கவனம் காட்டாமல் அந்த ஓட்டுநரிடம் வண்டியைக் கொடுத்தார் என்பதையும் நிறுவனம் நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்த நிலையிலும், 'முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்' என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுகின்றன. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை ஓட்டலாமா என்ற நெடுநாள் தகராறும் தீர்ந்துவிட்டது. ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவு சொல்லிவிட்டது.

அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதப்படும் ஒரு வரி

அரசு மருத்துவமனையில் காயம்பட்டவரைக் கொண்டுபோனதும் விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு எழுதுவார்கள். நீதிமன்ற வட்டாரத்தில் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இதைத்தான். எத்தனை மணிக்கு வந்தார், யார் அழைத்து வந்தார், எங்கே எப்படி அடிபட்டதாகச் சொல்கிறார், என்னென்ன காயம் என்று சில வரிகள். காயம்பட்டவர் பெரும்பாலும் மயக்கத்தில் இருப்பார். கூட வந்தவர் விபத்தைப் பார்த்திருக்கவே மாட்டார், சாலையில் கிடந்தவரை ஆட்டோவில் ஏற்றி வந்தவராக இருப்பார். கேட்டதற்கு 'பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க' என்பார். பதிவேட்டில் 'இருசக்கர வாகனத்திலிருந்து தானே தவறி விழுந்தார்' என்று ஏறிவிடும்.

சில மாதம் கழித்து, லாரி மோதியது என்று குடும்பம் மனுப் போடும்போது காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். லாரியே வரவில்லை, பிறகு ஜோடித்த வழக்கு என்பார். முதல் தகவல் அறிக்கை சில நாள் தாமதமாகப் பதிவாகியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இதைச் சரிசெய்ய முடியாது என்றில்லை. சம்பவத்தைப் பார்த்தவரின் சாட்சியம், மோட்டார் வாகன ஆய்வாளர் இரண்டு வண்டிகளிலும் குறித்த சேதங்கள், காவல்துறையின் வரைபடம், குற்றப்பத்திரிகை எல்லாம் சேர்ந்து அந்த வரியைப் பலமிழக்கச் செய்யும். ஆனால் நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரமாக அது மாறிவிடுகிறது. குடும்பத்தில் யாராவது ஒருவர் முதல் நாளிலேயே பணியில் இருக்கும் மருத்துவரிடம் போய், என்ன நடந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லிப் பதியச் சொல்வது அத்தனை முக்கியம். சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மோதாத வண்டியை மோதியதாகக் காட்டும் பொய் வழக்குகளால் உண்மையாகவே அடிபட்டவர்களின் மனுக்களும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகின்றன.

ஊனச் சதவீதம் என்னும் பொறி

காயம்பட்டவருக்கான இழப்பீடு பல தலைப்புகளின் கூட்டுத்தொகை. மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, சிகிச்சை நாட்களில் இழந்த வருமானம், இனி வரப்போகும் வருமான இழப்பு, எதிர்கால மருத்துவச் செலவு, வலியும் வேதனையும், வாழ்க்கையின் சாதாரண சுகங்களை இழந்ததற்கானது, திருமண வாய்ப்பு பாதித்ததற்கானது என்று பட்டியல் போகும். இவற்றில் பில்லைக் காட்டிப் பெறக்கூடியவை எளிது. தொகையைத் தலைகீழாக மாற்றுவது எதிர்கால வருமான இழப்புதான்.

32 வயதுக் கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 18,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. கால் எலும்பு முறிந்து, கம்பி வைத்து, முட்டி மடங்காமல் போய்விட்டது. ஊனச் சான்று 40 சதவீதம்.

தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு வழி, சதவீதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை போடுவது. சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்றால் 40 சதவீதத்துக்கு 2,00,000 ரூபாய். வேலை பாதிக்காத சிறு ஊனங்களுக்கு இந்த வழி பொருந்தலாம்.

இப்போது, ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் ('பெருக்கி') பெருக்கும் பெருக்கி முறையில் பார்ப்போம். சொந்தத் தொழில் அல்லது தினக்கூலி வருமானம் உள்ள, 40 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-ல் அரசியல் சாசன அமர்வு வகுத்த விதி. வழக்கறிஞர்கள் 'பிரணய் சேத்தி' என்று சுருக்கமாகச் சொல்வது இந்தத் தீர்ப்பைத்தான். 18,000 இப்போது 25,200 ஆகிறது. ஆண்டுக்கு 3,02,400. வயதுக்கேற்ற பெருக்கியை 2009-ம் ஆண்டின் 'சரளா வர்மா' தீர்ப்பின் அட்டவணை தருகிறது. 15 முதல் 25 வயது வரை 18, 31 முதல் 35 வரை 16, 46 முதல் 50 வரை 13, 65-ஐத் தாண்டினால் 5. நம் கொத்தனாருக்கு 16. பெருக்கினால் 48,38,400 ரூபாய். சம்பாதிக்கும் திறன் இழப்பும் 40 சதவீதம்தான் என்று வைத்தால் 19,35,360 ரூபாய். சாரத்தில் ஏற முடியாத, குந்தி உட்கார முடியாத, சுமை தூக்க முடியாத ஒருவரைக் கொத்து வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? அதைச் சாட்சியத்தால் காட்டி, திறன் இழப்பு 80 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் 38,70,720 ரூபாய்.

அதே முட்டி, அதே சான்று. 2 லட்சத்தில் முடியலாம், 38 லட்சத்துக்கும் போகலாம். நடுவில் இருப்பது சான்று எழுதிய மருத்துவரிடமும் தீர்ப்பாயத்திலும் கேட்கப்பட்ட, அல்லது கேட்கப்படாமல் விட்ட, சில கேள்விகள். இந்த ஊனம் ஒரு காலுக்கானதா, முழு உடலுக்கானதா? காலுக்கு 45 சதவீதம் என்பது உடலுக்கு 45 சதவீதம் ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2010-ம் ஆண்டுத் தீர்ப்பிலேயே எச்சரித்திருக்கிறது. இந்த மனிதர் என்ன வேலை செய்தார்? அதில் எதை இனிச் செய்ய முடியாது? வேறு எந்த வேலையை அவரால் செய்ய முடியும்? மருத்துவரால் சொல்லக்கூடியது உடலின் ஊனத்தை. வருமான இழப்பு எவ்வளவு என்பதை முடிவு செய்வது தீர்ப்பாயத்தின் வேலை. சான்றில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துப் போடுவது அந்த வேலையைச் செய்யாமல் விடுவதற்குச் சமம்.

இன்னொரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். இதே கொத்தனார் இறந்துபோய், மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தால், அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கு கழிக்கப்படும். கணக்கு 36,28,800 ரூபாயாக வரும். மரணத்தைவிடக் கடுமையான ஊனத்துக்குத் தொகை கூடலாம். இது பிழையில்லை. உயிரோடு இருப்பவர் சாப்பிட வேண்டும், மருந்து வாங்க வேண்டும், ஒருவேளை ஆயுள் முழுக்க ஒரு துணையாள் வேண்டும். அதனால்தான் காய வழக்கில் சொந்தச் செலவுக் கழிவு கிடையாது. 2020-ல் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில், பகலும் இரவும் பார்த்துக்கொள்ள இரண்டு உதவியாளர்கள் தேவை என்று கொண்டு, மாதம் 10,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயை 18 என்ற பெருக்கியால் பெருக்கி 21,60,000 ரூபாயை அந்தத் தலைப்பில் மட்டுமே உச்ச நீதிமன்றம் கொடுத்தது. பெரும்பாலான வீடுகளில் அந்த உதவியாளர் அம்மாவாகவோ மனைவியாகவோ இருப்பார். சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்கிறார் என்பதற்காகக் கவனிப்பின் மதிப்பு பூஜ்யம் ஆகிவிடாது. ஆனால் மனுவில் கேட்டிருக்க வேண்டும்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள்

நம் நாட்டில் காயம்படுகிறவர்களில் பெரும்பாலோரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. இதை உச்ச நீதிமன்றம் நேராகச் சந்தித்த வழக்கு 2014-ல் வந்தது. 2008-ல் நடந்த விபத்தில் கால் துண்டிக்கப்பட்ட காய்கறி வியாபாரி ஒருவர், 24 வயது. வருமானத்துக்கு ஆவணம் இல்லை. காய்கறி விற்பவரிடம் ஆவணம் எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, மாதம் 6,500 ரூபாயை நீதிமன்றம் ஏற்றது. உட்கார்ந்த இடத்தில் காய் விற்கலாமே என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. மொத்தச் சந்தையில் போய்ச் சரக்கு எடுப்பதும், வண்டி தள்ளுவதும் அந்தத் தொழிலின் பகுதி என்று விளக்கி, திறன் இழப்பை 85 சதவீதமாக வைத்தது. உடலுழைப்பாளிக்கு உறுப்பு போனால் பிழைப்பே போனது போல என்று அந்தத் தீர்ப்பு பேசுவதை ஒவ்வொரு தீர்ப்பாயமும் நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு ஓர் அளவுகோலாகலாம், அதுவே முடிந்த முடிவாகாது என்று 2021-ல் இன்னொரு வழக்கிலும் சொல்லப்பட்டது.

ஆவணம் இல்லை என்றாலும் தடயங்கள் இருக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை தொழிலைக் காட்டும். வங்கிப் பாஸ்புக்கில் சிறு சிறு வரவுகள், சுயஉதவிக் குழுக் கடன் தவணை, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவை ஒரு குடும்பம் எந்த வருமானத்தில் ஓடியது என்பதைச் சொல்லும். வேலை கொடுத்த மேஸ்திரியைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைப்பது இவை எல்லாவற்றையும்விட வலுவானது.

இல்லத்தரசிக்கு வருமானம் இல்லை என்ற வாதத்துக்கும் இப்போது இடமில்லை. 2021 ஜனவரியில் வந்த தீர்ப்பில், இல்லத்தரசியின் உழைப்புக்கு, சம்பளம் இல்லாவிட்டாலும், மதிப்பிட்டு ஒரு கருத்தளவிலான வருமானம் வைக்க வேண்டும், எதிர்கால உயர்வையும் அதில் சேர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொன்ன தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வை நீதிபதி என்.வி. ரமணா அதில் எடுத்துக்காட்டினார்.

உங்கள் பேரிலும் தவறு இருந்தால்

ஹெல்மெட் போடவில்லை, பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்று காட்டி இழப்பீட்டில் கால் பங்கு, அரைப் பங்கு குறைக்கச் சொல்வது வழக்கம். விதியை மீறியதால் மட்டும் தொகை குறையாது. அந்த மீறல் விபத்துக்கோ காயத்தின் கடுமைக்கோ காரணமாக இருந்திருக்க வேண்டும். பின்னால் வந்த கார் மோதி மூன்று பேரில் ஒருவர் இறந்த வழக்கில், மூன்று பேர் சென்றார்கள் என்பதாலேயே அவர் மீது பங்குப் பிழை சுமத்த முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. கால் முறிந்தவரிடம் ஹெல்மெட் பற்றிக் கேட்பதிலும் பொருளில்லை. தலையில் அடிபட்டிருந்தால் அந்தக் கேள்வி எழும்.

இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டு, உள்ளே இருந்த பயணிக்கோ நடந்துபோனவருக்கோ அடிபட்டால் நிலைமை வேறு. அவர் மீது தவறே இல்லை. இரு வண்டிகளில் எந்தப் பக்கத்திடமும் முழுத் தொகையையும் அவர் கேட்கலாம். பங்கு பிரித்துக்கொள்வது அவர்களுக்குள் நடக்க வேண்டிய காரியம்.

தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே பெறக்கூடிய தொகையும் உண்டு. 164-வது பிரிவின்படி மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். இதில் ஒரு கவனம் தேவை. சட்டம் வகுத்த நடைமுறைப்படி இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் தவறை நிரூபித்து முழு இழப்பீடு கேட்டு 166-வது பிரிவின் கீழ் போட்ட பெரிய மனு காலாவதியாகிவிடும். நம் கொத்தனாருக்கு வர வேண்டியது எவ்வளவு என்று பார்த்தோம். கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. மோதிவிட்டுப் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன் இது 25,000 மற்றும் 12,500 ரூபாயாக இருந்தது. இதற்குத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியதில்லை, வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கே, எப்போது, எத்தனை முறை

விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்பதில்லை. மனுதாரர் குடியிருக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்திலும் போடலாம். கால அவகாசம்தான் கடுமையாகிவிட்டது. 2019-ம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் மருத்துவமனையிலிருந்து எழுந்து நடக்கவே ஆறு மாதம் ஆகும் நாட்டில் இந்தக் கெடு நியாயமற்றது என்றே நினைக்கிறேன். இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. அந்த முடிவை நம்பிக் காத்திருக்கக் கூடாது. ஊனச் சான்று கையில் வராவிட்டாலும் மனுவைத் தாக்கல் செய்துவிட்டு, சான்றை விசாரணையின்போது கொடுக்கலாம், அல்லது தீர்ப்பாயமே மருத்துவக் குழுவுக்கு அனுப்பும்.

மனுவில் 10 லட்சம் கேட்டுவிட்டோமே, அதற்கு மேல் கிடைக்காதோ என்ற பயமும் தேவையில்லை. நியாயமான தொகை அதைவிட அதிகம் என்று சாட்சியம் காட்டினால் தீர்ப்பாயம் கேட்டதற்கு மேலும் தரலாம் என்று 2002-லேயே தீர்ப்பு இருக்கிறது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. இறுதித் தீர்ப்பு வந்த பிறகு, காலில் வைத்த கம்பியை எடுக்க வேண்டும், செயற்கைக் கால் தேய்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்று மறுபடி அதே வழக்கில் வந்து கேட்கச் சட்டத்தில் வழியில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் எத்தனை அறுவை சிகிச்சை, எத்தனை முறை செயற்கைக் கால் மாற்ற வேண்டியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் என்ன செலவாகும் என்பதை மருத்துவரிடம் இப்போதே எழுத்தில் வாங்கி, அவரைச் சாட்சியாகவும் விசாரித்துவிட வேண்டும்.